உடலுக்குள் ஒரு துறைமுகம்

'போர்ட்' என்ற சொல் கிள்ளான் வட்டாரத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. கப்பல் வந்து நிற்கும் இடத்தைப் போர்ட் கிள்ளான் என்கிறோம். 1972-க்கு முன் அதையே போர்ட் சுவெட்டன்ஹாம் என்றோம். இப்போது அதே சொல் ஆஸ்பத்திரியிலிருந்தும் நம் காதில் விழுகிறது. "அம்மாவுக்கு நெஞ்சில் போர்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். கேட்ட வீட்டில் அழுகை தொடங்குகிறது. நெஞ்சுக்குள் மெஷின் வைத்துவிட்டால் ஆள் தேறுவது அரிது என்று அக்கம்பக்கத்தார் வேறு சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்து, புற்றுநோய் மருந்தையே தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. ஆகவே இந்தச் சிறு கருவி எதற்காகத் தோன்றியது, எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் ஊர்த் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய நாளில் சரக்குகள் கிள்ளான் ஆற்றின் வழியே உள்ளே வந்து இறங்கின. ஆறோ குறுகியது, ஆழமும் போதாது. பெரிய கப்பல்கள் வர வழியில்லை. எனவே ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் அமைத்து 1901 செப்டம்பரில் திறந்தார்கள். திறந்த உடனேயே மலேரியாக் காய்ச்சல் கூலிகளை வாரிக்கொண்டது வேறு கதை. சதுப்பு நீரை வடித்து அதை அடக்கிய கிள்ளான் டாக்டர் மால்கம் வாட்சனைப் பற்றித் தனியே பேசவேண்டும். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். சிற்றாறு தாங்காத சரக்கை ஆழமான இடத்தில் இறக்கினார்கள். மருத்துவர்கள் செய்ததும் இதுவே.

இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் நூலாக எழுதினார். அப்படியானால் இரத்தத்தில் கலக்கும் மருந்து உடல் முழுதும் போகுமே என்ற எண்ணம் பிறந்தது. 1656-இல் கிறிஸ்டோபர் ரென் என்பவர் வாத்திறகின் தண்டை ஊசியாகவும் மிருகத்தின் சிறுநீர்ப் பையை மருந்துப் பையாகவும் வைத்து ஒரு நாயின் இரத்தக் குழாயில் திரவத்தைச் செலுத்தினார். பின்னாளில் இலண்டன் தேவாலயத்தைக் கட்டிய சிற்பியும் அவரேதான்.

மனிதருக்கு இதனால் வாழ்வு உண்டு என்று காட்டியது காலரா. 1832-இல் ஸ்காட்லாந்தில் லீத் என்ற துறைமுக ஊரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் இருந்தார். காலராவில் உடலின் நீரெல்லாம் வற்றி, நாடியும் தெரியாமல் கிடந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் அவர் உப்பு நீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் ஏறியது. குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன. கிழவி வாய் திறந்து பேசினாள். இனிப் பயமில்லை என்று எண்ணி, அவளை ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா போய்விட்டார். வயிற்றுப்போக்கு மீண்டும் கண்டது. உப்பு நீரை மறுபடி செலுத்துவார் இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

இந்த மூதாட்டியின் கதையை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். மருந்து சரியானதே. செலுத்திய வழியும் சரியானதே. ஆனால் ஒரு தடவை செலுத்தியது போதவில்லை. விடாமல், வேண்டியபோதெல்லாம் செலுத்தத் திறந்திருக்கும் வழி வேண்டும். அந்த வழியைத் தேடி மருத்துவ உலகம் இன்னும் 150 ஆண்டுகள் நடந்தது.

காலரா என்றால் நம் முன்னோருக்கு எவ்வளவு அச்சம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். கப்பலில் வந்தவர்களைப் பினாங்கின் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே தோட்டத்திற்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில்தான் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர் உப்பு நீர் முறையைச் சீர்ப்படுத்தி, காலராச் சாவைப் பெரிதும் குறைத்தார். அப்புறம் உலக ஆஸ்பத்திரிகளில் எல்லாம் 'டிரிப்' பரவிற்று. போத்தலிலிருந்து கைக்கு அதைக் கொண்டுசென்றது எது? ரப்பர்க் குழாய்! விடியுமுன் எழுந்து நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பால், உலகத்து நோயாளிகளின் கட்டிலருகே தொங்கியது. அந்தக் குழாய்களைக் கழுவி, கொதிக்க வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். சரியாகச் சுத்தமாகாதபோது நோயாளிக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. பிளாஸ்டிக் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

கையிலுள்ள சிறு குழாயை விட்டு, இதயத்தருகே உள்ள பெருங்குழாய்க்கு எப்படிப் போவது? இதயத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்று டாக்டர்களே நம்பியிருந்த காலம் அது. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் அந்த அச்சத்தை உடைத்தார். மேலதிகாரி அனுமதி தரவில்லை. தாதி ஒருவரை மேசையில் கட்டி, அவருக்குத்தான் செய்வதுபோல் பாவனை காட்டிவிட்டு, தம் கையையே கீறி மெல்லிய குழாயை 65 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினார். அதோடு மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தும் போனார்! படத்தில் குழாயின் நுனி இதயத்திற்குள் தெரிந்தது. கிடைத்தது ஏச்சுத்தான். 1956-இல் நோபல் பரிசு வந்தது. தாதியை ஏமாற்றியதை நாம் மெச்சவில்லை. ஆனாலும் வழி திறந்தது அன்றுதான்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்ற ஆந்திர அறிஞரின் குழு ஒரு மருந்தை உருவாக்கியது. பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர் 1947-இல் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில மாதங்களுக்கேனும் நோய் தணிந்தது. அதுவரை அந்த நோய்க்கு எதுவும் தணிவு தந்ததில்லை.

அடுத்த மருந்து நம் லயத்து வாசலிலேயே நிற்கிறது. நித்திய கல்யாணி! சிலர் அதைச் சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கவும் கூசுவார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். ஜமைக்காத் தீவில் அதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்தார்கள். அந்த இலைகள் 1952-இல் ஓர் உறையில் கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு வந்தன. சர்க்கரை குறையவில்லை. ஆனால் அதன் சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோயல்லவா இரத்தப் புற்று? நோபிளும் சார்ல்ஸ் பீரும் 1958-இல் அதன் சத்தைப் பிரித்து அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதைக் கேட்டு யாரும் இலையைப் பறித்துக் காய்ச்சிவிட வேண்டாம். அது நஞ்சு, அளவறிந்து தந்தால்தான் மருந்து.

எவ்வளவு நஞ்சு என்றால், வின்கிறிஸ்டின் கைக்குழாயிலிருந்து சற்றுக் கசிந்தாலும் சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகிவிடும். கைக்குழாய்களும் மாதக்கணக்கில் ஊசி தாங்கமாட்டா; தடித்து, சுருங்கி, ஒளிந்துகொள்ளும். தாதி நான்கு இடத்தில் குத்தியும் கிடைக்காமல் அம்மா கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நெஞ்சருகே உள்ள பெருங்குழாயிலோ இரத்தம் ஆறாகப் பாய்கிறது. அங்கே விழும் மருந்து உடனே கரைந்து கலந்துவிடுகிறது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் புரோவியாக் என்பவர் 1973-இலும் ஹிக்மன் என்பவர் 1979-இலும் சிலிக்கான் குழாய்களை அறிமுகம் செய்தார்கள். பெருங்குழாயில் தொடங்கித் தோலுக்கடியே ஓடி, நெஞ்சின்மேல் வெளியே தொங்கும் குழாய் அது. மாதக்கணக்கில் உழைத்தது. ஆனால் நுனி வெளியே இருந்ததால் குளிப்பது சங்கடம், குழந்தை பிடித்து இழுக்கும், கிருமி நுழைய வாயில் திறந்தே இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் கட்டை ஈரமாகாமல் காப்பது எவ்வளவு பாடு! எனவே வாயிலையும் தோலுக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1982-இல் நைடர்ஹூபர் என்ற அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் அப்படிப் புதைத்த கருவியைப் புற்றுநோயாளிகளுக்கு வைத்து அறிவித்தார்கள். அதுதான் இந்தப் போர்ட்.

இதில் மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, ஓடும் பாகம் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய சிறு கிண்ணம். அதன் மூடி கனத்த சிலிக்கான். அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெருங்குழாய்க்குப் போகிறது. மருந்து நாளில் தோலின் மேலிருந்தே தாதி மூடியில் ஊசி குத்துகிறார். ஊசியை எடுத்ததும் மூடி தானே கூடிக்கொள்கிறது. ஆயிரம் தடவைக்கு மேலும் தாங்கும். ஆனால் சாதாரண ஊசி மூடியைத் துளைத்துத் துணுக்கு எடுத்துவிடும். எனவே நுனி வளைந்த ஹூபர் ஊசிதான் வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். அந்தச் சிலிக்கானும் மரத்துப் பாலன்று. 'சிலிக்கான் ரப்பர்' என்று நம்மிடம் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது! ஊசி குத்தும் தாதியின் கையுறையோ கிள்ளான் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்ததாகவும் இருக்கலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய நீண்ட சிகிச்சை வேரூன்றிவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-இல் நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013-இல் திறந்தது. ஆகவே டாக்டர் போர்ட் என்று சொன்னால், நோய் முற்றிவிட்டது என்று பொருளன்று. மருந்து பல மாதம் போகவேண்டும், கைக்குழாயைக் காப்பாற்றவேண்டும் என்பதே பொருள். செலவைப் பற்றிக் கூச்சமின்றிக் கேளுங்கள். கருவியின் விலையை நோயாளி தரவேண்டியிருந்தால், அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள்.

வைத்த புண் ஆறியபின் குளிக்கலாம், சமைக்கலாம், பஸ் ஏறலாம். மருந்து இல்லாத காலத்திலும் டாக்டர் சொன்ன நாளில் போய்க் குழாயைக் கழுவிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். சிகிச்சை முடிந்து தேவையில்லை என்றானால் எடுத்தும் விடுவார்கள். ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள எல்லாரும் நினைவில் வையுங்கள். போர்ட் உள்ளவருக்குக் காய்ச்சலோ நடுக்கமோ கண்டால், அந்த இடம் சிவந்து வீங்கினால், கைவைத்தியம் பார்த்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவசரப் பிரிவின் வாசலிலேயே, "இவருக்கு நெஞ்சில் போர்ட் இருக்கிறது, புற்றுநோய் மருந்து ஏறுகிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.