பெயர் மட்டும் இந்தியா

எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதில், காரைக்காலில் என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, முதன்முதலாக ஒரு மதுபானத்தை ருசி பார்த்தேன் என்று சொன்னால், வாசகர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். வேறு சிலர், "இத்தனை நாளாக என்ன ஐயா செய்துகொண்டிருந்தீர்?" என்று கேட்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சமாதானம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்ற மார்கழியில் தங்கையின் மகன் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தான். பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்தான். சுங்கத்தில் அனுமதிக்கிற இரண்டு லிட்டருக்குள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"மாமா, நீங்கள் சரித்திரக் கதை எழுதுகிறவர். இதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'டபிள் இந்தியா பேல் ஏல்' என்று இருந்தது.

"கள்ளுக்கடை ஏலம் கேள்விப்பட்டிருக்கிறேன். இது என்னடா ஏல்?"

"பீரில் ஒரு ஜாதி. நம் தேசத்துப் பெயர் அமெரிக்காக்காரன் பாட்டிலில் எப்படி வந்தது? அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மருமகன் கேட்ட கேள்விக்குப் பதில்.

பீர் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வேகவைத்து, வடிகட்டி, புளிக்கவைத்த பானம். வாற்கோதுமையை விறகுப் புகையில் வறுத்த காலத்தில் அது கறுத்துக் கிடந்தது. கல்கரி அடுப்பில் பக்குவமாக உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு வெளுத்தது. அந்த வெளிறிய நிறத்துக்குத்தான் 'பேல்' என்று பெயர். இதோடு ஹாப்ஸ் என்கிற ஒரு கொடியின் பூங்கொத்தைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். பார்வைக்குப் பச்சைச் சவுக்குக் காய் மாதிரி இருக்கும். இதழ்களுக்குள் மஞ்சள் பொடி. அந்தப் பொடிதான் கசப்பு. நம் ஊரில் கஞ்சா என்று சொல்கிறோமே, அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தக் கொடி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. கசப்பு வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. பீரைப் புளிக்கச் செய்து கெடுக்கிற கிருமிகளை அது அண்டவிடாது. ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, பீருக்கு ஹாப்ஸ் அப்படி.

லண்டனுக்குக் கிழக்கே பௌ என்ற இடத்தில் 1752-ல் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு வடிசாலை வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சரக்கு ஏற்றுகிற துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் காப்டன்களுக்குச் சொந்தத்தில் கொஞ்சம் வியாபாரம் செய்துகொள்ளும் உரிமை உண்டு. ஹாட்ஜ்சன் அவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துப் பணம் தந்தால் போதும் என்றார். அவ்வளவுதான் சூட்சுமம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டி, நாலு முதல் ஆறு மாதம் கடலில் உருண்டு அந்தப் பீப்பாய்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. கசப்பு அதிகம் போட்ட பீர் அந்தப் பிரயாணத்தில் கெடவில்லை, பக்குவப்பட்டது.

பிற்பாடு ஹாட்ஜ்சன் கம்பெனியாருக்குப் பேராசை வந்தது. காப்டன்களை ஒதுக்கிவிட்டு நேராகவே விற்கப் பார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோபங்கொண்டு, 1820-களின் தொடக்கத்தில் பர்ட்டன் நகரத்து ஆல்சப் என்பவரைப் பிடித்தார்கள். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அதில் வடித்த கசப்புப் பீர் முன்னதைவிடத் தெளிவாக அமைந்தது. பின்னாலேயே பாஸ் கம்பெனியும் வந்தது. ஹாட்ஜ்சன் பெயர் மங்கிவிட்டது. 'கிழக்கிந்திய வெளிறிய ஏல்' என்ற பெயர் அச்சில் முதலில் கண்ணுக்குத் தெரிவது 1829-ல், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில். இந்தியாவின் பெயரை இந்தியாவுக்கு வெளியேதான் விற்றிருக்கிறார்கள்!

இங்கே ஒரு கதையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே ஹாட்ஜ்சன் இந்தப் பீரைக் கண்டுபிடித்தார், அது மிகவும் வீரியமானது என்று பலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. உஷ்ண தேசத்துக்குப் போகும் பீருக்கு ஹாப்ஸ் கூட்டிப் போட வேண்டும் என்பது அந்நாளைய வடிப்புக்காரர்கள் அறிந்த விஷயந்தான். போர்ட்டர் என்கிற கறுப்புப் பீரும் அதே கப்பல்களில் சேமமாக வந்து சேர்ந்தது. சாதாரண வெள்ளைச் சிப்பாய் குடித்தது அந்தக் கறுப்புப் பீரும், உள்ளூர்ச் சாராயமுந்தான். வெளிறிய ஏல் உத்தியோகஸ்தர்களுக்கும் துரைமார்களுக்கும் உரியது. வராந்தாவில் சாய்வு நாற்காலி, பங்கா இழுக்க ஓர் ஆள், கையில் கண்ணாடிக் கோப்பை, பேச நிதானம்: இத்தனையும் இருந்தால்தான் அது ருசிக்கும். அதைக் குளிரவைக்க அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதைச் சேமிக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. சுவாமிஜி தங்கிய வீட்டுக்கு அஸ்திவாரம் ஒரு விதத்தில் துரைமார்களின் தாகம்!

காரைக்காலுக்கும் இதில் சம்பந்தம் உண்டா? 1739-ல் இந்த ஊர் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், 1781-க்குப் பிறகு ஆங்கிலேயர். ஒரே நாளில் வண்டி கட்டிக்கொண்டு போய்விடக்கூடிய கடற்கரையில் மூன்று கொடிகள். பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய யுத்தத்தில் 1793-ல் காரைக்காலை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு, 1817-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஹாட்ஜ்சன் பீரின் பொற்காலம் அது. நாவலாக இருந்தால் அரசலாற்றங்கரையில் ஒரு பீப்பாயை உருட்டிவிட்டிருப்பேன். சரித்திரக் கட்டுரையில் அப்படிச் செய்யக் கூடாது.

பிறகு காலம் மாறியது. கசௌலியிலும் நீலகிரியிலும் இங்கேயே பீர் வடிக்கத் தொடங்கினார்கள். 1869-ல் சூயெஸ் கால்வாய் திறந்தது. குளிர்சாதன யந்திரம் வந்தது. கசப்பில்லாத லேசான ஜெர்மன் மாதிரிப் பீர் எங்கும் பரவியது. இந்தியாவின் பெயர் கொண்ட பானம் இந்தியாவிலிருந்து மறைந்தே போய்விட்டது.

அதற்கு மறுபிறவி கலிபோர்னியாவில். 1994-ல் வின்னி சிலுர்சோ என்ற இளைஞர் டெமெகுலா என்ற ஊரில் ஒரு சிறு வடிசாலை தொடங்கினார். சாமான்கள் எல்லாம் பழசு. பீரில் ஏதாவது கோளாறான வாசனை வந்துவிடுமோ என்று பயந்து, ஹாப்ஸை இரண்டு மடங்காக்கினார், வாற்கோதுமையையும் கூட்டினார். டபிள் ஏல் பிறந்த கதை இதுதான். சாம்பார் காந்திவிட்டால் நம் வீடுகளில் பெருங்காயத்தைக் கூடப் போடுவார்களே, அந்த யுக்தி! அவரே பிற்பாடு வடித்துப் புகழ்பெற்ற ஒரு டபிள் ஏலுக்கு, ஹாப்ஸ் என்று பலர் கருதும் ஒரு கொடியைத் தம் நூலில் குறித்துவைத்த பிளினி என்ற ரோமானியப் பெரியாரின் பெயரை வைத்தார்கள். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமாபுரியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பினவரும் இதே பிளினிதான். அந்த நாளில் யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த மதுவை நம் அரசர்கள் பொற்கிண்ணத்தில் அருந்தியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். மது வருகிற கடல் வழி நமக்குப் புதிதல்ல.

நிற்க. சாயங்காலம் மாடியில் ருசி பார்க்கும் வைபவம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரையும் மருமகன் அழைத்திருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அல்ஜீரியா வரை போய்வந்த 'சொல்தா'. இன்றும் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

கோப்பையைக் கால்வாசிதான் நிரப்ப வேண்டுமாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும், பிறகு மூக்கு, கடைசியில்தான் நாக்கு. நிறம் நல்லெண்ணெய் நிறம். நுரை விரலளவு நின்று, மெல்ல இறங்கிக் கண்ணாடியில் கோலம் போட்டது. முகர்ந்தால் பம்பளிமாசுத் தோலும் நாரத்தை இலையும் கலந்த வாசனை. ஆனால் நாலாம் நாள் பூவைப் போல் வாடிய வாசனை. ஒரு வாய் பருகினேன். முதலில் பனங்கற்கண்டு மாதிரி லேசான தித்திப்பு. மறுகணம் அடிநாக்கில் கசப்பு பிடித்துக்கொண்டது. வேப்பம்பூ ரசத்தின் கசப்பு வந்துவிட்டுப் போய்விடும். சுண்டை வற்றலின் கசப்பு எண்ணெயோடு சமாதானமாகும். இது போகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. தொண்டையில் மெல்லிய சூடு; நூற்றுக்கு 8 பங்கு சாராயச் சத்து என்று பாட்டிலில் போட்டிருந்தது.

"அங்கே குடித்தபோது இப்படி இல்லையே, மாமா. மணம் தூக்கிக்கொண்டு போயிற்று" என்றான் மருமகன்.

பாட்டிலைத் திருப்பி, அடைத்த தேதியைப் பார்த்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாட்ஜ்சன் பீப்பாய் கடலில் இருந்த காலமும் அவ்வளவுதானே! பிரயாணத்தைத் தாங்கத்தான் அன்று ஹாப்ஸைக் கூட்டினார்கள். இன்றோ மணத்துக்காகக் கூட்டுகிறார்கள். அந்த மணம் சில வாரத்தில் பறந்துபோய், கசப்பு மட்டும் தங்கிவிடுகிறது. இந்தியாவுக்குப் போவதற்கென்று பெயர் வாங்கிய பானம், இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிட்டது.

"10-க்கு 6 மார்க்" என்றேன்.

சொல்தா பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முசியே, இது குடிக்கிற சாமான் இல்லை, பேசுகிற சாமான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் கிராமம் பேரளத்துக்குப் பக்கம்; அந்த நாளில் தஞ்சை ஜில்லா. 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் சென்னை ராஜதானி முழுவதற்கும் வந்தது. ஆனால் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 முதல் ரயில் இருந்தது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இருந்தான். 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. கடைகள் மூடவில்லை. வழியில் திருநள்ளாறு. ஆகையால் எங்கள் பெரியப்பா சனிக்கிழமைதோறும் சனீஸ்வர தரிசனத்துக்குப் புறப்பட்டுவிடுவார். ரயில் சார்ஜுக்குக் காசில்லாத ஏழைகள் எங்கள் ஊரில் குடியை விட்டார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் ராஜாஜியை வாழ்த்தியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பெரியப்பாவுக்குக் காசு இருந்தது. ஏழெட்டு வருஷத்தில் அரை வேலி நன்செய் கையை விட்டுப் போயிற்று.

ராத்திரி ரயில் வரும்வரை பெரியம்மா லாந்தரைச் சின்னதாக வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். திட்டினதில்லை, அழுததில்லை. அவர் படி ஏறும்போது, "தரிசனம் ஆச்சா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். நானும் தங்கையும் அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை நான் அடம்பிடித்து அவரோடு போனேன். எட்டு வயசு. கையில் முறுக்குப் பொட்டணத்தைக் கொடுத்துக் கடை வாசலில் உட்காரவைத்தார். உள்ளே அவர் குடித்ததைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தை மாதிரி ஒரே மடக்கு. நிறம் பார்க்கவில்லை, மணம் பார்க்கவில்லை. முகம் கோணிற்று. மறுபடியும் தம்ளரை நீட்டினார். எத்தனையோ வருஷம் குடித்தவர். அவர் ருசி பார்த்து நான் பார்த்ததே இல்லை. ருசி பார்க்கிறவன் பாதியில் வைத்துவிடலாம். அவரால் வைக்க முடியவில்லை. வராந்தாத் துரையின் கோப்பைக்கும் அவருடைய தம்ளருக்கும் நடுவே இருந்த தூரம், லண்டனுக்கும் காரைக்காலுக்கும் இருந்த தூரத்தைவிட அதிகம்.

இதையெல்லாம் மாடியில் நான் சொல்லவில்லை. மருமகன் அமெரிக்காவில் எந்தெந்த ஊர் ஏல் எப்படி இருக்கும் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல பையன், அளவு தெரிந்தவன். கடற்காற்று வீசிற்று. மாதாகோயில் மணி அடித்தது.

தங்கை மாடிப்படி ஏறி வந்தாள். கோப்பைகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். என்னுடையதை எடுக்கும்போது ஒரு கணம் நின்று, அதற்குள் பார்த்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"தரிசனம் ஆச்சா, அண்ணா?" என்றாள்.

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.

"ஆச்சு அம்மா" என்றேன்.