மேசை ஜெபமும் புயல் நாளும்: இரண்டு போதகர்களின் நன்றி

தமிழ்ச் சபைகளில் யாரையாவது நலம் விசாரித்தால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்ற பதில் தானாக வந்துவிடும். சோற்றுத் தட்டின் முன் கண்மூடி ஒரு சிறு ஜெபம், ஆண்டு முடியும் இரவில் ஆலயத்தில் ஒரு ஸ்தோத்திரம், பிறந்தநாளுக்கு ஒரு காணிக்கை உறை என்று கிருபையும் நன்றியும் எங்கள் அன்றாடத்தோடு கலந்துகிடக்கின்றன. நாவில் பழகப் பழகச் சொல்லின் கனம் குறைந்துபோகிறது. அந்தக் கனத்தைத் திரும்ப உணர்வதற்காகவே, இவ்விரு சொற்களையும் பெரும் விலை கொடுத்துக் கற்ற இரண்டு போதகர்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் ஜெர்மனியின் மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649). மற்றவர் இங்கிலாந்தின் ஜான் நியூட்டன் (1725–1807).

இருவரும் சிறிய ஊர்ச் சபைகளுக்கு ஊழியம் செய்தவர்கள். இருவரும் எத்தனையோ எழுதினாலும், உலகம் நினைவில் வைத்திருப்பது ஆளுக்கு ஒரு பாட்டைத்தான். ரிங்கார்ட்டின் 'நுன் டாங்கெட் அல்லே கோட்' நன்றியின் பாட்டு. நியூட்டனின் 'அமேசிங் கிரேஸ்' கிருபையின் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் வாழ்க்கைகள் எதிரெதிரானவை. ரிங்கார்ட் துன்பத்தைத் தாங்கியவர். நியூட்டன் துன்பத்தைத் தாங்கியவர் மட்டுமல்லர், அதைப் பிறருக்குச் செய்தவரும்கூட.

ஐலன்பர்க்கும் ஓல்னியும்

சாக்சனி நாட்டின் ஐலன்பர்க் ஊரில் பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரிங்கார்ட். லைப்சிக்கில் இசையும் இறையியலும் பயின்று, 1617ஆம் ஆண்டின் இறுதியில் சொந்த ஊருக்கே ஊழியராகத் திரும்பினார். மறு ஆண்டு முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய ஊழியக் காலம் முழுவதும் ஏறக்குறைய அந்தப் போருக்குள்ளேயே கழிந்தது. ஐலன்பர்க்குக்கு மதில் உண்டு. அதை நம்பிச் சுற்றுவட்டாரத்து அகதிகளெல்லாம் உள்ளே வந்து குவிந்தார்கள். நெரிசலைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. 1637இல் மற்ற குருமார்கள் இறந்தோ ஊரைவிட்டுப் போயோ விட, அடக்க ஆராதனை நடத்த ரிங்கார்ட் ஒருவரே மிஞ்சினார். ஒரு நாளைக்கு 40, 50 பேர் வரை, மொத்தம் 4,480 பேரை அவர் அடக்கம் செய்ததாக வரலாறு சொல்கிறது. அதே ஆண்டு மே மாதத்தில் அவருடைய மனைவியும் இறந்தார். நோயின் பின்னால் பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காக்கைக்கும் தெருவில் மக்கள் அடித்துக்கொண்ட அந்த நாட்களில், தம் வீட்டாருக்கு உயிர் தரிக்கும் அளவு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வாசலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார்.

நியூட்டன் லண்டனின் வாப்பிங் பகுதியில் பிறந்த கப்பல்காரர் மகன். ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். 1744இல் வலுக்கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, தப்பி ஓடிப் பிடிபட்டுச் சவுக்கடி பட்டார். பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகன் ஒருவனிடம் வேலைக்குச் சேர்ந்து, நோயிலும் பசியிலும் கிடந்தார். மீட்கப்பட்டு ஊர் திரும்பும் வழியில், 1748 மார்ச் 21 அன்று 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் வட அட்லாண்டிக் புயலில் சிக்கியது. நீரை இறைத்தும் சுக்கான் பிடித்தும் போராடிய 22 வயது இளைஞனின் வாயிலிருந்து, வெகுகாலம் கழித்து அன்று கடவுளின் பெயர் வந்தது. சாகும்வரை அந்தத் தேதியை அவர் நன்றி நாளாகக் கடைப்பிடித்தார். 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னிக்குப் போனார். லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த சிற்றூர் அது.

பாட்டு பிறந்த இடம்

இன்று ரிங்கார்ட்டின் பாட்டைப் பெரிய ஆலயங்களில் ஆர்கன் முழங்கப் பாடுகிறார்கள். பாக் அதைத் தம் இசைப் படைப்புகளில் எடுத்தாண்டார். மெண்டல்சோன் 1840இல் தம் சிம்பொனிக்குள் சேர்த்தார். ஆனால் இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பான 1663ஆம் ஆண்டு நூலில் அதற்கு இடப்பட்டிருக்கும் தலைப்பு, 'சிறு மேசை ஜெபம்' என்று பொருள்படுவது. சாப்பாட்டு வேளையில் குடும்பம் சொல்வதற்கான ஜெபம் அது. அதன் கருத்து சீராக் ஞான நூலின் 50ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

நியூட்டனின் பாட்டும் அப்படி ஒரு வீட்டு விசேஷத்துக்கு எழுதியது போலத்தான். 1773ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில், 1 நாளாகமம் 17ஆம் அதிகாரத்தின் மேல் தாம் செய்த பிரசங்கத்துக்குத் துணையாக அதை அவர் ஓல்னி மக்களுக்கு எழுதினார். இம்மட்டும் என்னைக் கொண்டுவர நான் எம்மாத்திரம் என்று தாவீது ராஜா வியந்து நிற்கும் இடம் அது. 1779இல் 'ஓல்னி கீதங்கள்' நூலில் அச்சேறியபோது, விசுவாசம் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பதையும் வருவதை எதிர்நோக்குவதையும் குறிக்கும் தலைப்பை அதற்கு வைத்தார். இன்று நாம் பாடும் மெட்டு அதோடு சேர்ந்தது 1835இல்தான்.

ஒன்று தினமும் மேசையில் சொல்வது. மற்றது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. ரிங்கார்ட்டின் நன்றிக்கு இன்றைய அப்பம் போதும். நியூட்டனின் நன்றிக்கு நினைவு வேண்டும். அன்றாட விசுவாசத்துக்கு இவ்விரண்டும் தேவை என்பதே என் எண்ணம். அந்தந்த நாளை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். நாட்களைக் கூட்டிப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

கதை சுருக்கிவிட்ட காலம்

இரு பாட்டுகளைச் சுற்றியும் கதைகள் வளர்ந்திருக்கின்றன. பிணங்களின் நடுவே உட்கார்ந்து ரிங்கார்ட் நன்றிப் பாட்டு எழுதினார் என்பார்கள். புயலில் மனம் திரும்பிய நியூட்டன் அன்றே அடிமை வணிகத்தை உதறினார் என்பார்கள். இரண்டையும் பிரசங்க மேடைகளில் கேட்டு நானும் நெகிழ்ந்திருக்கிறேன். உண்மை இவற்றைவிட மெதுவானது. அதனாலேயே நமக்கு அதிகம் பயன்படுவது.

ரிங்கார்ட்டின் பாட்டு இடம்பெற்ற ஜெபநூல் முதலில் 1636இல் வெளிவந்ததாகக் கருதப்படுகிறது. அப்படியானால் மேசை ஜெபம் முதலில் வந்தது. கொள்ளைநோய் அதன் பின்னால் வந்தது. தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை, மேசையில் ஓர் இடம் வெறுமையான பிறகும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. துயரத்திலிருந்து நன்றி திடீரென்று பீறிட்டது என்பதைவிட, முன்பே பழகியிருந்த நன்றி துயரத்தில் அவரைத் தாங்கியது என்பது என்னை அதிகம் தொடுகிறது.

நியூட்டனின் கதையில் காலம் இன்னும் நீளம். புயலுக்குப் பின் அவர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் தலைவராகவே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். 1754இல் அவர் கடலை விட்டதற்குத் திடீர் நோய்தான் காரணம், மனசாட்சி இல்லை. அடிமை வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் 40 ஆண்டுகள். 'அமேசிங் கிரேஸ்' எழுதி 15 ஆண்டுகள்.

இதைச் சொல்வதால் அவரைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். கிருபை ஒரு நொடியில் தொடலாம். தொட்ட மனிதனின் எலும்புவரை இறங்க அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. மாவில் கலந்த புளித்த மாவு ஒரே கணத்தில் பொங்குவதில்லை.

நாமும் நானும்

ரிங்கார்ட்டின் பாட்டு பன்மையில் பேசுகிறது. எல்லாரையும் அழைக்கிறது. நன்றி நெஞ்சிலும் வாயிலும் நின்றுவிடாமல் கைக்கும் வரவேண்டும் என்கிறது. அந்தப் போதகரின் கை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். அது குழியருகே நின்றது, அப்பத்தைப் பங்கிட்டது. சுவீடன் படை ஊரை வளைத்து 30,000 தாலர் கேட்டபோது, அவர் சபையாரோடு முழங்காலில் நின்று ஜெபித்ததும், கேட்ட தொகை பெரிதும் குறைந்ததும் ஐலன்பர்க்கின் நினைவில் இருக்கின்றன.

நியூட்டனின் பாட்டு ஒருமையில் பேசுகிறது. தொலைந்தவன், குருடன் என்று அதில் வருபவன் ஒரு தனி மனிதன். தன் தவறைப் 'பொதுவாக மனித இயல்பு' என்று பங்குபோட்டுக் குறைத்துக்கொள்ள அந்தப் பாட்டு இடம் கொடுப்பதில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போது பன்மை ஒரு நல்ல ஒளிவிடம். நியூட்டன் அதில் ஒளியவில்லை.

ஆயினும் இரண்டிலும் ஆபத்து உண்டு. 1757இல் லாய்த்தன் போர்க்களத்தில் வென்ற பிரஷ்யப் படைவீரர்கள் ரிங்கார்ட்டின் பாட்டைப் பாடினார்கள். பசித்த வீட்டின் மேசை ஜெபம் வெற்றிப் பாட்டாகிவிட்டது. 'நாம்' என்ற சொல் சுருங்கி, 'நம் பக்கத்தவர்' என்று ஆகிவிட்டால் நன்றி தோற்றவனை மறந்துவிடும். 'நான்' என்ற சொல்லோ, என் ஆத்துமா தப்பியது என்ற மகிழ்ச்சியிலேயே கதவைச் சாத்திக்கொள்ளும். கீழ்த்தளத்துக் குரல்கள் மேல்தள ஆராதனைக்குக் கேட்காமல் போனது அப்படித்தான். ஆகவே ரிங்கார்ட்டின் 'நாம்' நியூட்டனின் பாவ அறிக்கையைக் கேட்க வேண்டும். நியூட்டனின் 'நான்' ரிங்கார்ட்டின் மேசைக்கு வந்து உட்கார வேண்டும்.

இருவரும் ஒரே இடத்தில் நின்ற நாளும் உண்டு. ரிங்கார்ட்டைப் போலவே நியூட்டனும் மனைவியைப் பறிகொடுத்தார். 1790 டிசம்பரில் மேரி இறந்தபோது, அவருக்கான நினைவுப் பிரசங்கத்தை நியூட்டனே செய்தார். எடுத்துக்கொண்ட பகுதி, ஆபகூக் தீர்க்கதரிசி மரமும் கொடியும் தொழுவமும் வெறுமையான பிறகும் மகிழ்வேன் என்று சொல்லும் இடம். 1637ஆம் ஆண்டின் ஐலன்பர்க் அந்தப் பகுதியைப் புரிந்துகொண்டிருக்கும்.

அறிதல்

வள்ளுவரின் பதினொன்றாம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். அங்கே 'நன்றி' என்பது நம் உள்ளத்தில் எழும் உணர்வைக் குறிக்கவில்லை. நமக்குச் செய்யப்பட்ட நன்மையையே குறிக்கிறது. நம் பங்கு 'அறிதல்'. முன்னால் நாம் எதுவும் செய்யாதிருக்க நமக்குச் செய்யப்பட்ட உதவியை வைத்தே அவர் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். அதற்கு மண்ணும் விண்ணும் ஈடாகா என்கிறார். கிறிஸ்தவர்கள் கிருபை என்பது இதையும் தாண்டிய ஒன்றை: எதுவும் செய்யாதவனுக்கு மட்டுமல்ல, தீமையே செய்தவனுக்கும் வரும் நன்மை. ஆனால் வந்ததை அறிய வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இந்த 'அறிதல்' எத்தனை கடினம் என்பதற்கு நியூட்டனின் வாழ்விலேயே ஒரு சான்று இருக்கிறது. 1764இல் வெளியான தன் வரலாற்றில் அவர் அதைச் சொல்கிறார். ஆப்பிரிக்கக் கரையில் அவர் நோயுற்றுப் பட்டினி கிடந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள் சிலர், தங்களுக்கு அளந்து கொடுக்கப்பட்ட சொற்ப உணவிலிருந்து எடுத்து, யார் கண்ணிலும் படாமல் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெயரின்றி அந்தப் பக்கத்தில் வந்து போகிறார்கள். சில ஆண்டுகளில் அதே கரைக்கு அவர் கப்பல் தலைவராகத் திரும்பி வந்தார். அவர்களைப் போன்றவர்களையே விலைக்கு வாங்கி ஏற்றினார். புயலில் காத்த கடவுளுக்கு ஆண்டுதோறும் நன்றி சொன்ன மனிதருக்கு, பசியில் தம்மைக் காத்த கைகள் யாருடையவை என்பதை முழுதாக அறிய 40 ஆண்டுகள் ஆயின.

அறிந்த பிறகு அவர் மறைக்கவில்லை. 1788இல் அடிமை வணிகம் பற்றி அவர் எழுதிய சிறுநூல், தாமதமாக வந்த பகிரங்க ஒப்புதலாகவே தொடங்குகிறது. 1790இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு தம்மிடம் வந்த, பின்னாளில் பாராளுமன்றத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராகப் போராடிய இளம் வில்பர்ஃபோர்சைப் பொது வாழ்விலேயே நிற்கச் சொன்னவரும் அவர்தான். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அந்த டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

ரிங்கார்ட் தம் அப்பத்தைப் பார்த்தபோது வாசலில் நின்ற பசியும் கூடவே தெரிந்தது. நியூட்டன் வெகுகாலம் தாம் பெற்ற மீட்பை மட்டும் பார்த்தார். பிறகே சங்கிலி தெரிந்தது. முன்னவர் எனக்கு மாதிரி. பின்னவர் எனக்கு நம்பிக்கை, ஏனென்றால் நானும் தாமதமாக அறிகிறவன்.

இவர்களை அருகருகே வைத்துப் படித்த பிறகு, சாப்பாட்டு ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும் உடனே தட்டில் கைவைக்க மனம் வருவதில்லை. நாற்று நட்டவர், மூட்டை சுமந்தவர், காலையில் எனக்கு முன் எழுந்து உலை வைத்தவர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். அதற்குள் சோறு கொஞ்சம் ஆறிவிடுகிறது.