பள்ளியும் பந்தியும்: காவிரி நாட்டு மாணவர் விடுதி வரலாற்றில் ஒரு கூறு

பள்ளிப் பதிவேட்டில் ஒருவன் பெயர் ஏறுவதும், அவன் அப்பள்ளியுள் ஒருவனாகக் கொள்ளப்பெறுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அளப்பதற்குத் தஞ்சை நாட்டில் வகுப்பறையினும் உண்ணும் பந்தியே ஏற்ற அளவுகோலாகும். கல்வி வரலாறு எழுதினோர் பலர் பள்ளிகளின் தொகையையும் மாணாக்கர் தொகையையும் கணக்கிட்டு அமைந்தனர். அவர்கள் எங்கே அமர்ந்து உண்டனர் என்பதனை வினவிற்றிலர்.

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்துச் சத்திரங்களிலிருந்து தொடங்குதல் தகும். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்குச் சோறு அளிக்கப்பெற்றது என்றும், சமைத்த சோற்றை விரும்பாதார் அரிசியாகப் பெற்றனர் என்றும் 1801இல் ஆங்கிலேயப் பதிலாளர்க்கு எழுதிய மடலில் மன்னரே குறித்துள்ளார். அறம் அனைவர்க்கும் பொது, அடுப்பு அவ்வாறன்று. 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் நினைவாக எழுந்த சத்திரம் பள்ளியையும் நடத்தி, பயில்வார்க்கு உணவும் வழங்கிற்று. நூறாண்டு கடந்தபின், சத்திரங்கள் தஞ்சை மாவட்டக் கழகத்தின் மேலாண்மையில் இருந்தபோது, ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஈரூர் விடுதிகளிலும் அந்தண மாணாக்கரே தங்கி உண்ணும் வழக்கம் நிலைத்திருந்தது. அறக்கட்டளைக்கு நெல் விளைத்த குடிகளின் மக்கள் அந்நெற்சோற்றை அங்கு உண்டிலர்.

1920களில் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் அவ்விடுதிகளைப் பிற வகுப்பினர்க்கும் திறந்துவிட்டார். திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழ்ப் புலவர் கல்வி இடம்பெற்றதும் அவர் முயற்சியாலேயாம். கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார் அதற்குத் துணைநின்றார். தமிழ்த்துறையினராகிய நாம் பின்னதனையே ஓயாது பாராட்டுகிறோம். எனினும் முன்னதே பெரிது என்பது எம் கருத்து. உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்த அந்நாளில், பதின்மூன்று பதினான்கு அகவைச் சிற்றூர்ச் சிறுவனுக்கு விடுதியில் இடமின்மை என்பது கல்வியின்மையே. அதே பத்தாண்டில் நெல்லைப் புறத்துச் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் தனிப்பந்திச் சிக்கல் எழுந்து, 1925இல் நாடறிந்த பூசலாயிற்று. நாட்டுரிமை கற்பித்த இடத்திலும் இலைகள் பிரிந்தே கிடந்தன.

இவற்றிற்கு முன்னரே, கொள்ளிடத்தின் வடபால் உள்ள சிதம்பரத்தில், வேறொரு வழி காணப்பெற்றது. சுவாமி சகசானந்தர் (1890–1959) தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறார்க்கென 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். அப்பெயர்த் தேர்வு இலக்கிய மாணாக்கர் நின்று நோக்கத்தக்கது. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார்க்கு விடை தர மறுக்கும் பண்ணைத் தலைவர் எவரும் இலர். அவ்வேதியரைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் காவிரி நாட்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். பண்ணையாட்களின் நிலையை அவர் கண்கூடாகக் கண்டவராதலின் கதை அவ்வாறு வளர்ந்தது எனக் கருதலாம். கீர்த்தனையின் நந்தன் ஆண்டையின் இசைவுக்குக் காத்திருக்கிறான். சகசானந்தர் பள்ளியின் சிறுவனோ எவர் இசைவையும் வேண்டாது நுழைந்தான்; அங்கு அவனே வீட்டுக்குரியவன்.

தனிப்பள்ளி பிரிவினையை வளர்க்காதோ என்று வினவலாம். வினா முறையானதே. ஆயின் விலக்கப்பட்டோர் தாமே எழுப்பிய மனையும், அரசு வகுப்புவாரியாக நடத்தும் பள்ளியும் ஒரு தன்மையன அல்ல. முன்னது தன்மதிப்பை ஊட்டிற்று; பின்னது பெயர்ப்பலகையிலேயே மாணாக்கனின் வகுப்பை ஊரார்க்கு அறிவித்தது.

1956இல் காமராசர் ஆட்சியில் பரவத் தொடங்கிய மதிய உணவு பந்தியைப் பொதுவாக்க முற்பட்டது; 2023 ஆகத்து 25இல் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநில அளவில் விரிவாக்கப்பெற்றது. எனினும் அது தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு உரியது. அதே திங்களில் நாங்குநேரியில் பள்ளி மாணவனொருவன் உடன்பயின்றோரால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதனையொட்டி அமைந்த நீதிநாயகம் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் வகுப்புப் பெயர் நீக்கப்பெறவேண்டும், வகுப்பு காட்டும் வண்ணக் கயிறுகள் கையில் கட்டப்பெறலாகாது என்பன அதன் பரிந்துரைகளுட் சில. வகுப்பறையில் மாணாக்கரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்துக என்பதும் அவற்றுள் ஒன்று.