கழுகுக்கு வைத்த பொங்கலும் நாரைக்கு விட்ட ஏரியும்

இந்தப் பதிவு பறவைகளுக்குச் சோறு வைப்பதைப் பற்றியது. வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டும், தோட்டத்து மரத்தில் ஒரு கூண்டு மாதிரி தொங்கும், அதில் தானியம் இருக்கும், சின்னச் சின்னக் குருவிகள் வந்து கொத்தும். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். நம் ஊரில் கூண்டு கிடையாது. ஆனால் காக்காவுக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிடாத பாட்டிகள் இன்னமும் இருக்கிறார்கள். எறும்பும் குருவியும் தின்னட்டும் என்றுதான் அரிசி மாவில் கோலம் போட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஆக, பழக்கம் ஒன்றுதான்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. ஒன்றல்ல, இரண்டு. ஒரு ஊரில் பறவைக்குத் தினமும் சோறு வைத்தார்கள். இன்னொரு ஊரில் ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. சோறு வைத்த ஊருக்குப் பறவை வருவது நின்றுவிட்டது. வைக்காத ஊருக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் ஊர் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. மலை மேலே வேதகிரீஸ்வரர் கோயில், ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஊர்ப் பெயரிலேயே கழுகு இருப்பதைக் கவனியுங்கள். அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் என்றால், கழுகுக்கும் இந்தக் குன்றுக்கும் உள்ள உறவு குறைந்தது 1,300 வருடம் பழையது. 'பட்சி தீர்த்தம்' என்றும் இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு.

தினமும் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் மலைமேல் ஒரு பாறையில் பண்டாரம் வந்து உட்காருவார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த பிரசாதம் கையில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து இரண்டு வெள்ளைக் கழுகுகள் இறங்கும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். இதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். காசியிலிருந்து கிளம்பி, ராமேஸ்வரத்தில் குளித்து, இங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் ரிஷிகள் என்பது நம்பிக்கை. சாபம் பெற்ற எட்டு ரிஷிகளில் யுகத்துக்கு இருவராக விடுதலை பெறுகிறார்கள், கலியுகத்துக்கு உரியவர்கள் இந்த இருவர் என்பது தலபுராணம். என்றைக்காவது கழுகு வராவிட்டால், கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்பார்கள் :-)

பறவையியல் சொல்வது வேறு. இது மஞ்சள்முகப் பாறு. உடம்பு வெள்ளை, முகம் மஞ்சள், இறக்கை ஓரம் கறுப்பு. ஆங்கிலத்தில் எகிப்தின் பெயரைச் சூட்டியிருந்தாலும் இந்திய வகையின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது நம்ம செஞ்சிதான். 18-ஆம் நூற்றாண்டில் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் 'செஞ்சிக் கழுகு' என்று எழுதி வைத்தார், அதிலிருந்து 'ஜிஞ்சினியானஸ்' என்ற பெயர் வந்தது. கூண்டில் வளர்ந்தால்கூட இந்தப் பறவை 37 வருடம் வாழ்ந்ததுதான் சாதனை. அப்படியானால் நூற்றாண்டுக் கணக்கில் வந்தது ஒரே ஜோடியாக இருக்க முடியாது. தாய் தகப்பன் பழகிய இடத்துக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பண்டாரங்களும் அதேபோல் மாறிக்கொண்டே இருந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. ரிஷிக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களும் இந்த மலைக்கு ஏறியிருக்கிறார்கள். வழியில் உள்ள பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்களை இன்றும் பார்க்கலாம். (சுவரில் பெயர் கிறுக்கும் வியாதி நம்மிடம் மட்டும் இல்லை!) நம் காலத்தில், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இந்தக் கழுகுகளைப் பற்றி 1977-ல் பறவை ஆர்வலர்களின் இதழில் எழுதினார்.

1998-க்குப் பிறகு கழுகுகள் வருவதில்லை. கலி முற்றிவிட்டது, பாவம் அதிகமாகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அதே வருடங்களில் இந்தியா முழுக்கவே பாறுக் கழுகுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

காரணம் என்ன என்று 2004-ல் தெரிந்தது. மாட்டுக்கு வலி, வீக்கம் வந்தால் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. 1990-களில் இது மலிவு விலையில் நாடெங்கும் கிடைத்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் உடம்பிலேயே தங்கிவிடும். அந்த மாட்டைத் தின்னும் கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் உயிர் போய்விடும். 2006-ல் இந்திய அரசு இதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், எனவே 2015-ல் அதை 3 மி.லி. அளவாகக் குறைத்தது. 2023-ல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தது.

திருக்கழுக்குன்றத்து ஜோடி இந்த மருந்தால்தான் போனது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். பண்டாரம் கொடுத்தது ஒரு வேளைச் சிற்றுண்டி. மற்றபடி அந்தப் பறவை வாழ்ந்தது சுற்றுவட்டாரத்தில் கிடந்த செத்த ஆடு மாடு, குப்பை, சாணம் இவற்றை நம்பித்தான். முகத்தின் மஞ்சள் நிறம்கூட சாணத்தில் கிடைக்கும் சத்தினால் வருவது என்று 2002-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதாவது பிரசாதத் தட்டு ஒரு சாண் அகலம் என்றால், பறவையின் உண்மையான தட்டு பல கிலோமீட்டர் அகலம். சின்னத் தட்டில் நெய் மணக்க நாம் பொங்கல் வைத்துக்கொண்டே இருந்தோம். பெரிய தட்டில் என்ன விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இனி இரண்டாவது ஊர், மதுராந்தகம் பக்கம் உள்ள வேடந்தாங்கல். இங்கே இருப்பது சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு ஏரி. அதற்குள் நீர்க்கடம்பு மரங்கள். மழை பெய்து ஏரி நிரம்பினால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். வடக்கிலிருந்து வாத்துக் கூட்டங்களும் வரும்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் நேராகச் செங்கல்பட்டில் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருவாரே, அதே துரைதான். 1798-ல் இங்கே பறவையைச் சுடக்கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். 1936-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? நான் படிப்பது வணிகவியல், அதனால் பற்று வரவு பார்க்காமல் இருக்க முடியாது. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசில்லாத உரம்! அதற்கு ஈடாக ஊர் கொடுத்தது சோறு அல்ல. மரத்தை வெட்டவில்லை, வேட்டைக்காரனை உள்ளே விடவில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வளவுதான்.

இங்கே பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும. குளிர் நாடுகளில் பனிக்காலம் பஞ்சகாலம். 1890-91 கடுங்குளிரில் பிரிட்டன் பத்திரிகைகள் பறவைகளுக்கு உணவு வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டன, அப்படித்தான் அங்கே பழக்கம் பரவியது. நமக்கோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் ஏரி நிறைந்து, வயலெல்லாம் நத்தையும் தவளையும் மீனுமாக இருக்கும் காலம். அதனால்தான் நீர்ப்பறவைகள் அந்தச் சமயத்தில் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றுக்குத் தேவை நம் கிண்ணம் அல்ல, நம் ஏரி.

பிரிட்டனிலும் கிண்ணத்தால் ஒரு சங்கடம் வந்தது. 2005 முதல் பச்சைச் சிட்டு ஒன்றை ஒரு ஒட்டுண்ணி நோய் கொல்ல ஆரம்பித்தது. உணவு வைக்கும் இடங்களில் கூட்டமாகக் கூடுவதும் நோய் பரவ ஒரு வழி. 2021-ல் அந்தப் பறவையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் கழுகுகள் அழிந்ததைப் பற்றி இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். செத்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்கிறது அந்த ஆய்வு. கழுகு சம்பளம் வாங்காமல் பார்த்த வேலைக்கு இவ்வளவு விலை.

வேடந்தாங்கல் சரணாலயம் என்பது சட்டப்படி ஏரி மட்டுமல்ல, சுற்றி 5 கிலோமீட்டரும் சேர்த்துத்தான். 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஏரிதான் பத்திரமாக இருக்கிறதே, சுற்றியுள்ள வயல் எதற்கு என்று தோன்றலாம். கூடு ஏரியில் இருக்கிறது, குஞ்சுக்குச் சாப்பாடு வயலிலிருந்துதான் வருகிறது. திருக்கழுக்குன்றத்தில் நாம் பார்க்காமல் விட்ட பெரிய தட்டு இதுதான்.

காக்காவுக்கு வைக்கும் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வையுங்கள். கூடவே, உங்கள் ஊர் ஏரி எப்படி இருக்கிறது, உங்கள் ஊர் மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மார்கழியில் இந்தப் பக்கம் வந்தால் காலையில் வேடந்தாங்கல், பிறகு திருக்கழுக்குன்றம் என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மலை ஏறும்போது உச்சிவேளைக்கு முன்னால் போய்ச் சேருங்கள். ஒரு தடவை வானத்தையும் பாருங்கள்.