விடுதியிலிருந்து வகுப்பறைக்கு: மும்பையில் பார்வையற்ற மாணவர்க்கான பள்ளி உதவிகள்

மும்பையில் பார்வையற்ற பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாற்றையே எழுதுகிறார்கள். பிள்ளை பள்ளியைத் தேடிப் போன நிலை மாறி, உதவி பிள்ளையைத் தேடி வரத் தொடங்கியது எப்போது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம் மிஷன்களுடையது. 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையாரின் பள்ளி பாளையங்கோட்டையில் எழுந்தது. மும்பையின் தாராவித் தமிழர் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. இந்த ஒரு விஷயத்தில் பிழைக்க வந்த நகரத்தைவிடச் சொந்த ஊர் பத்தாண்டு முந்திவிட்டது. மேற்கிந்தியா பஞ்சத்தில் தவித்த 1900-இல் அமெரிக்க மராத்தி மிஷனின் ஆனா மில்லார்ட் பம்பாயில் தொடங்கியதே இன்றைய தாதர் பள்ளி. 1902-இல் தார்தேவ் விக்டோரியா நினைவுப் பள்ளியும், 1925-இல் ஹேப்பி ஹோம் பள்ளியும் வந்தன. பிள்ளை வீட்டைவிட்டு வந்தால்தான் படிப்பு என்பதே பொது வழக்கம்.

அடுத்த தடை எழுத்து. மாகாணத்துக்கொரு பிரெய்ல் முறை இருந்ததை 1951-இல் பாரதி பிரெய்ல் ஒன்றாக்கியது. அதில் ‘ம’வுக்கு 1, 3, 4 ஆகிய புள்ளிகள், தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இதே மூன்றுதான். அச்சில் ‘கே’ என்று எழுதினால் கொம்பு முன்னே நிற்கும். பிரெய்லில் ஒலிக்கும் வரிசைப்படி ‘க’ முதலில், ‘ஏ’ அடுத்து. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைக்கு இதைவிட வசதியான எழுத்து வேறில்லை என்பேன்.

உண்மையான திருப்பம் 1958. ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கத்தின் துணையுடன் பம்பாயின் நியூ ஆக்டிவிட்டி பள்ளியில் பார்வையுள்ள பிள்ளைகளோடு பார்வையற்றவர்களும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் இத்தகைய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அரசு அதைத் திட்டமாக்க 1974 வரை ஆனது. 1992-இல் திருத்தப்பட்ட ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 8 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று வகுத்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பார்வையற்ற மாணவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுபவருக்காக மாதம் 50 ரூபாய் கொடுத்தது. தொகை அற்பம்தான். ஆனால் வாசித்துக் காட்டுவது புண்ணியமல்ல, கூலிக்குரிய வேலை என்று அரசுக் கணக்கில் ஏறியது பெரிய விஷயம். பம்பாய்ப் பள்ளிகளின் கொடையாளர் பட்டியல்களைவிட இந்த 50 ரூபாயையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

புறநகரான கல்யாணிலிருந்து பார்த்தால், உதவி பிள்ளையைத் தேடி வருவதன் அவசியம் இன்னும் தெளிவாகும். மேற்சொன்ன மும்பையின் பழைய பள்ளிகள் அனைத்தும் தீவு நகருக்குள். கல்யாணிலிருந்து தாதருக்கு நெரிசலான லோக்கலில் ஒரு மணி நேரம். பார்வையற்ற பிள்ளையோடு துணைக்கு ஒருவர் தினம் போய்வந்தால் அவருடைய வேலை போகும். பிள்ளையை விடுதியில் விடுவது அல்லது பள்ளிக்கே அனுப்பாமலிருப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியாக இருப்பவர், பிரெய்ல் பலகையும் ஊசியுமாகப் பள்ளி பள்ளியாக வரும் சிறப்பாசிரியர் ஒருவர்தான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, குறைந்தது 40 விழுக்காடு குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தாங்கள் விரும்பியதில் இலவசமாகப் படிக்கலாம். கல்யாண், தாராவிப் பெற்றோர் சேர்க்கையோடு நின்றுவிடாமல், சிறப்பாசிரியர் வாரத்தில் எந்தெந்த நாள் வருவார் என்பதையும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.