இரவோடு இரவாக

விடிந்து பார்க்கும்போது கோயிலில் மூர்த்தியைக் காணோம் என்றால் ஊர் என்ன பாடுபடும்! 1984 மார்ச் 29ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் அந்தப் பாடுதான் பட்டது. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவான 'கோல்ட்ஸ்', இரவோடு இரவாக லாரிகளில் மூட்டை முடிச்சுடன் இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. குழுவையே கையகப்படுத்த மேரிலாந்து சட்டசபை மசோதா கொண்டுவந்ததால், முதலாளி ராபர்ட் இர்சேக்கு அவ்வளவு அவசரம்.

இண்டியானாபொலிஸில் புது அரங்கம் காத்திருந்தது. ஓட்டல் சாப்பாட்டின் மேல் நூற்றுக்கு 1 வீதம் போட்ட வரியும், தர்ம ஸ்தாபனங்களின் பணமும் சேர்ந்து எழுப்பியது அது.

பால்டிமோரில் மிஞ்சியது குழுவின் பாண்டு வாத்தியக்காரர்கள்தான். ஆட்டக்காரர்கள் போன பிறகும் அவர்கள் கலையவில்லை; வருஷக்கணக்கில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இதை அறிந்தபோது என் மனம் இளகிவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1996ல் பால்டிமோருக்கு மறுபடி ஒரு குழு கிடைத்தது. எங்கிருந்து என்கிறீர்கள்? கிளீவ்லாந்திலிருந்து! அரசாங்க லாட்டரிப் பணத்தில் அரங்கம் கட்டித் தருவதாகச் சொல்லித்தான் அழைத்தார்கள். இப்போது கிளீவ்லாந்து அழுதது.

முதலாளிகளை வைவது சுலபம். எனக்கு உறுத்துவது வேறு. பறிகொடுத்த வேதனையை அறிந்த ஊரே பறிக்கவும் துணிந்தது. லாரி எந்த ஊரை விட்டுப் புறப்பட்டாலும், அரங்கத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் ஜனங்கள்தான்.