அறமும் அதன் பொருளும்

சங்கரன்கோயிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் உள்ளது. கரி, அதாவது யானை, வலம் வந்து வழிபட்ட ஊர் என்று தலபுராணம் பெயர்க்காரணம் கூறும். அங்குள்ள பால்வண்ணநாதர் கோயில், 16-ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியருள் ஒருவரான வரதுங்கராம பாண்டியரோடு தொடர்புடையது.

அக்காலத்து மன்னர்கள் அறம் வளர்க்க நிலம் விட்டனர். அதன் விளைவில் விளக்கு எரியவும் வழிப்போக்கர் உண்ணவும் கட்டளை அமைத்தனர். சந்திர சூரியர் உள்ளளவும் அது நடைபெறுக என்று கல்லில் பொறித்தனர். மன்னர் மறைந்த பின்னரும் அறம் நின்றது. ஆயினும், ஊரின் தேவை மாறினாலும் கல்லில் வெட்டிய கட்டளை எளிதில் மாறாது. நிலம் தவறான கைக்குப் போனால் அறமும் உடன் போகும். அறக்கட்டளை வருவாய் இவ்வாறு திசை மாறுவதைத் தடுக்கவே 1817-இல் கும்பினி அரசு ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் செய்தது.

மற்றொரு வழி மகமை. விருதுநகர் நாடார் வணிகர் தம் வாணிபத்தில் சிறு தொகையை ஒதுக்கிப் பொதுநிதி திரட்டினர். அவ்வாறு வளர்ந்த ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் பயின்றார். இங்கே கொடுத்தவர் அண்டை வீட்டில் இருந்தார், கணக்கும் கேட்டார். ஆனால் மகமையின் எல்லை பெரும்பாலும் ஒரு சமூகத்தின் எல்லையாகவே இருந்தது.

இவ்விரு வழிகளையும் அரசே அடைத்துவிட்டால் என்ன ஆகும்? போலந்து நாட்டில் பொதுவுடைமை அரசு 1952-இல் அறக்கட்டளைகளைக் கலைத்து, அவற்றின் சொத்துகளைத் தனதாக்கிக்கொண்டது. 1989-இல் ஆட்சி மாறியபின் எண்ணற்ற நலச்சங்கங்கள் தோன்றின. ஊரார் பணமும் பழைய நிலமும் இல்லாமையால், அவற்றுட் பல அயல்நாட்டு நிதியை நம்பின. ஆகவே முதியோரின் தேவையைக் காட்டிலும், கொடையாளர் விரும்பிய திட்டத்தை எழுதும் திறமையே மேலோங்கிற்று. 2004-இல் அந்நாடுகள் பல ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த காலத்தை ஒட்டி, பழைய கொடையாளர் பலர் விலகினர், சங்கங்கள் தள்ளாடின.

அங்கேரி இதற்கொரு வழி கண்டது. வருமான வரியில் நூற்றில் ஒரு பங்கைத் தாம் விரும்பும் அமைப்புக்கு ஒதுக்கும் உரிமையை 1996-இல் குடிமக்களுக்கு அளித்தது. போலந்தும் 2003-இல் இதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது. இதிலும் குறையுண்டு: பெயர் பரவிய அமைப்புகளையே பெரும்பங்கு சென்றடைகிறது.

மாணவ நண்பர்களே, பணம் தரும் கை எங்குள்ளதோ அத்திசை நோக்கியே அறநிலையம் திரும்புகிறது என்பது என் கருத்து. ஓர் அறநிலையத்தின் வரலாற்றைப் படிக்கும்போது நிறுவியவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பொருள் எங்கிருந்து வந்தது, கணக்குக் கேட்டவர் யார், உதவி பெற்றவர் வாய்திறக்க இடமிருந்ததா என்றும் ஆராயுங்கள்.